அவசரத்துக்கு யார் பொறுப்பு?

இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தையோ, வீடுவீடாகச் சென்று உடல் முடியாதவர்களைக் குளிப்பாட்டி உணவூட்டும் ஒரு சேவையையோ பொறுப்பேற்று நடத்துபவரைச் சட்டம் 'பதிவுபெற்ற மேலாளர்' என்கிறது. அவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதைப் பராமரிப்புச் சேவைகளுக்கான 2014ஆம் ஆண்டு விதிகளின் ஏழாவது விதி சொல்கிறது. தகுதி, திறன், அனுபவம் ஆகியவற்றுக்கெல்லாம் முன்பாக அது கேட்பது நன்னடத்தை. சாக்ரடீஸ் காலத்திலிருந்து தத்துவம் தீர்க்காமல் வைத்திருக்கும் ஒரு விஷயத்தை அரசாங்கம் ஒற்றை வரியில் கட்டளையாக்கிவிட்டது. அந்த வரிக்கு என்ன பொருள் என்று தேடிப் போனால், அதே விதிகளின் பின்னிணைப்பு கட்டாயம் பார்க்க வேண்டியவையாக இரண்டைத் தருகிறது: நீதிமன்றத்தில் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரா, தொழில்முறைப் பதிவேடு எதிலிருந்தாவது நீக்கப்பட்டவரா. தீமை செய்து பிடிபடாதவர் என்பதை மட்டுமே இந்த இரண்டு கேள்விகளாலும் காட்ட முடியும். படுக்கையில் கிடக்கும் ஒரு மனிதரை இவரை நம்பி ஒப்படைக்கலாமா என்பதற்கு அவற்றில் பதில் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஒரு படிப்பு வந்திருக்கிறது.

வயதுவந்தோர் பராமரிப்பில் தலைமைத்துவமும் மேலாண்மையும் என்ற ஐந்தாம் நிலைப் பட்டயம் அது. சட்டம் அதன் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. ஆனால் மேலாளர் பொறுப்புக்கு வருகிறவர் அதை முடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் படித்துக்கொண்டாவது இருக்க வேண்டும் என்பது அந்தத் துறையின் எதிர்பார்ப்பு. பெரும்பாலும் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறார்கள். எழுத்துத் தேர்வைவிட அன்றாட வேலைதான் அங்கே தேர்வு. மதிப்பீட்டாளர் பணியிடத்துக்கு வந்து கவனிக்கிறார். உடன் வேலை செய்பவர்கள் சாட்சி எழுதித் தருகிறார்கள். தான் எடுத்த முடிவுகளைப் பற்றித் தானே சிந்தித்து எழுதிய குறிப்புகளை மாணவர் கோப்பில் சேர்க்கிறார். நிர்வாக ஒழுங்குவிதிகள், பணியாளர் மேற்பார்வை, துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்பு, பணமும் ஆளும் ஒதுக்குதல் என்று பாடங்கள் போகின்றன. தன்னைத்தானே நடத்திக்கொள்வதும் அதில் ஒரு பாடம். இப்படிப்பட்ட படிப்பால் ஒருவர் நல்ல தலைவராக முடியுமா, ஆனார் என்று சான்று தர முடியுமா என்பதே இங்கே எழும் கேள்வி. படிப்பால் முடியும் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அதைச் சொல்லுமுன், தலைவரின் நன்மை எந்த இடத்தில் இருக்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நாம் அதைத் தவறான இடத்தில் தேடிப் பழகியிருக்கிறோம்.

குணத்துக்குச் சான்று தர முடியுமா என்ற இந்த வழக்கு புதிதல்ல. இங்கிலாந்திலேயே ஒரு நூற்றாண்டுக்கு முன் கடுமையாக நடந்தது. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். அங்கே பயிற்சி பெற்ற பெண்களைப் பற்றி மாதந்தோறும் ஒரு பதிவேடு நிரப்பப்பட்டது. கட்டுப்போடத் தெரியுமா என்பதோடு, நேரந்தவறாமை, நம்பகத்தன்மை ஆகியவற்றுக்கும் அதில் இடம் உண்டு. 1887க்குப் பிறகு, செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையின் முன்னாள் தலைமைச் செவிலியர் எத்தல் பெட்ஃபோர்ட் ஃபென்விக், செவிலியர்களுக்கு மூன்றாண்டுப் பயிற்சியும் தேர்வும் அரசுப் பதிவும் வேண்டும் என்று இயக்கம் நடத்தினார். நைட்டிங்கேல் அதை எதிர்த்தார். தேர்வுத்தாள் அறிவை அளக்கும், குணத்தை அளக்காது என்றார். ஒருமுறை பதிவேட்டில் ஏறிய பெயர் பல ஆண்டுகள் அப்படியே இருக்கும், அந்தப் பெயருக்குரிய மனிதர் அப்படியே இருக்கமாட்டார் என்றும் வாதிட்டார். இறுதியில் வென்றது ஃபென்விக் தரப்பு. 1919இல் பதிவுச் சட்டம் வந்தது, பதிவேட்டின் முதல் எண் அவருக்கே கிடைத்தது. வென்றவர் சொன்னது நியாயம்: முன்பின் தெரியாத ஒருத்தியின் கையில் உயிரைக் கொடுக்கும் நோயாளிக்கு, அவள் பயின்றவள் என்று அறிய வேறு வழி இல்லை. ஆனால் தோற்றவரின் எதிர்ப்புக்கு அந்த வெற்றி பதில் சொல்லவில்லை. குணத்துக்கு எப்படிச் சான்று தருவது என்ற கேள்வி அப்படியே மிச்சம் இருந்தது, இன்றைய பட்டயத்துக்குள்ளும் அதுவே உட்கார்ந்திருக்கிறது.

கவனித்தால், அந்தச் சண்டையில் இரு தரப்பும் ஒன்றை ஒப்புக்கொண்டிருந்தது தெரியும். நன்மை என்பது தனிமனிதருக்குள் இருக்கும் ஒரு பொருள், அதை வெளியிலிருந்து அளக்க முடியுமா முடியாதா என்பதுதான் சண்டை. பிளேட்டோவின் 'மெனோ' உரையாடலும் இப்படித்தான் தொடங்குகிறது. நற்பண்பு கற்பிக்கக்கூடியதா, பழக்கத்தால் வருவதா, பிறவியிலேயே அமைவதா என்று கேட்டுவிட்டு, உறுதியான விடை இல்லாமல் முடிகிறது. அரிஸ்டாட்டில் பழக்கத்தின் பக்கம் சாய்ந்தார். நேர்மையான செயல்களைச் செய்து செய்தே ஒருவர் நேர்மையாளர் ஆகிறார் என்றார். அவர் சொன்னதில் உண்மை உண்டு. ஆயினும் ஒரு மனிதரின் உள்ளே மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் தப்பிவிடும் ஒன்றை, 1973இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு காட்டியது.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்களை வைத்து ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் அதைச் செய்தார்கள். மாணவர்களுள் சிலரிடம், நல்ல சமாரியன் உவமையைப் பற்றிப் பக்கத்துக் கட்டடத்தில் ஒரு சிற்றுரை ஆற்றச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு வேறு தலைப்பு. அடிபட்டு வழியில் கிடந்தவனை மதகுருவும் லேவியனும் கடந்துபோக, அந்நியனான சமாரியன் நின்று காப்பாற்றிய கதைதான் அந்த உவமை. போகும் வழியில் ஒருவர் குனிந்து சுருண்டு, இருமி முனகியபடி கிடக்குமாறு ஏற்பாடு செய்திருந்தார்கள். யார் நின்றார்கள், யார் கடந்துபோனார்கள் என்று எண்ணினார்கள். சமாரியனைப் பற்றிப் பேசப் போனவர்களுக்கும் மற்றவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வேறுபாட்டை உண்டாக்கியது நேரம். போதிய நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் ஏதாவது ஒருவகையில் உதவினார்கள். சரியான நேரத்துக்குப் போகிறோம் என்று நினைத்தவர்களில் 45 விழுக்காடு. நீங்கள் ஏற்கெனவே தாமதம், அங்கே காத்திருக்கிறார்கள் என்று விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காடு. நாற்பது பேரை மட்டுமே வைத்துச் செய்த ஆய்வு இது, எண்களை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டாம். ஆனால் வேலைப்பளு மிகுந்த மருத்துவமனை வார்டில் ஒரு மணி நேரம் நின்று பார்த்த எவருக்கும் அதன் உட்பொருள் புரியும்.

இந்த ஆய்வைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரு பாடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்: சமயக் கல்வி மனிதரை மாற்றுவதில்லை, சூழ்நிலைதான் மாற்றுகிறது. எனக்கு அதில் வேறொருவர் தெரிகிறார். அந்த மாணவர்களிடம் 'நீங்கள் தாமதம்' என்று சொன்ன மனிதர். கடந்துபோன மாணவரின் மனச்சாட்சியைப் பற்றி எத்தனையோ பேசியாகிவிட்டது. அவருக்கு அவசரத்தைக் கொடுத்தவரின் மனச்சாட்சியைப் பற்றி யாரும் பேசவில்லை. அங்கே அது ஆய்வுக்காகப் போட்ட வேடம். ஒரு பராமரிப்பு நிறுவனத்தில் அது அன்றாட வேலை, அந்த வேலையைச் செய்பவர்தான் மேலாளர். யார் எத்தனை மணிக்கு எந்த வீட்டில் இருக்க வேண்டும், ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரம் கணக்கில் உண்டா இல்லையா, இரவுப் பணிக்கு இரண்டு பேரா மூன்று பேரா என்று பட்டியல் போடுகிறவர் அவர். இங்கிலாந்தில் வீட்டுப் பராமரிப்புக்கு வருபவர் பதினைந்து நிமிடத்தில் கிளம்பிவிடும் வழக்கம் பல ஆண்டுகளாகப் பெரிய குறையாகப் பேசப்படுகிறது. மருத்துவ, பராமரிப்புத் தரங்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2015இல் தந்த வழிகாட்டுதல், சில வரையறைக்குட்பட்ட சூழல்கள் தவிர அரை மணிக்குக் குறைந்த வருகைகள் கூடாது என்கிறது. பதினைந்து நிமிடத்தில் ஒரு முதியவரை எழுப்பி, கழுவி, உடை மாற்றி, மாத்திரை கொடுக்க வேண்டிய பெண், அவர் நேற்று இரவு ஏன் தூங்கவில்லை என்று கேட்கமாட்டாள். அவளுக்கு அன்பு இல்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அவளுடைய அன்பு வெளிப்படுவதற்கான நிமிடங்களை வேறொருவர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்.

ஆகவே, தலைவரின் நன்மை அவர் நெஞ்சுக்குள் எவ்வளவு இரக்கம் இருக்கிறது என்பதில் முடிந்துவிடுவதில்லை. பிறர் நல்லவராக இருக்க இடம் கொடுப்பதில் அது இருக்கிறது. திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர் என்று மருத்துவத்தை நான்கு கூறாக எண்ணுகிறது. பக்கத்தில் இருந்து பணிவிடை செய்பவரையும் அந்த வரிசையில் சேர்த்தது பெரிய மனம். நோயாளி தன் வீட்டில் தன் மனிதர்களோடு இருந்தவரை அந்த நான்கு போதும். நான்கையும் உரிய நேரத்தில் ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்க்கும் ஐந்தாமவர் நிறுவனங்கள் வந்த பிறகுதான் தேவையானார். அந்த ஐந்தாமவரின் பொறுப்பை ஐரோப்பியத் துறவு மரபு முன்கூட்டியே கண்டிருந்தது. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் மடங்களுக்கு வகுத்த ஒழுங்கில் நோயுற்ற சகோதரர்களுக்கென்று தனி அத்தியாயம் உண்டு. பணிவிடை செய்பவர்கள் நோயாளிகளை அலட்சியப்படுத்தாதபடி மடத்தலைவர் மிகுந்த கவனத்தோடு பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அது சொல்கிறது. சீடர்கள் செய்யும் குறைக்கு அவரே கணக்குச் சொல்ல வேண்டியவர் என்பது அதற்குக் காரணம். தன் கையால் செய்யாத தவறுக்கும் கடவுள் முன் பதில் சொல்லியாக வேண்டும் என்ற கடுமையான எண்ணம் அது. தலைமை என்பதை ஊக்கமூட்டும் பேச்சாகவும் தன்னம்பிக்கைப் பயிற்சியாகவும் சுருக்கிவிட்ட இன்றைய வழக்கத்தைவிட, இந்தப் பழைய பார்வை முதியோர் இல்லத்து மேலாளருக்கு நெருக்கமாகப் பொருந்துகிறது என்பது என் எண்ணம். இப்படிப் பார்த்தால் படிப்புக்கும் ஒரு பொருள் கிடைக்கிறது. இரக்கத்தைப் பாடமாக நடத்துவது கடினம். பணிப் பட்டியல், ஆள் ஒதுக்கீடு, புகாரைப் படிக்கும் முறை, புதிதாக வந்தவரை மேற்பார்வையிடும் முறை ஆகியவற்றைக் கற்றுக்கொள்ளலாம். இவற்றைக் கற்காமல் இரக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஐம்பது பேரைக் காக்க முடியாது.

படித்தவர்களால்தானே கேடு வந்தது என்று இங்கே ஒருவர் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். 2005 முதல் 2009 வரை ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் நடந்ததை ராபர்ட் பிரான்சிஸ் தலைமையிலான பொது விசாரணை 2013 பிப்ரவரியில் 290 பரிந்துரைகளோடு வெளியிட்டது. அழுக்கான படுக்கையில் மணிக்கணக்கில் விடப்பட்டவர்கள், கைக்கு எட்டாத தூரத்தில் தண்ணீர் வைக்கப்பட்டவர்கள், ஊட்டிவிட ஆளின்றித் தட்டு அப்படியே திரும்பிப் போனவர்கள் என்று அதைப் படித்து முடிப்பதே வேதனை. அந்த மருத்துவமனையின் அறக்கட்டளையை நடத்தியவர்கள் தகுதியற்றவர்கள் அல்லர். பணச் சிக்கனம், இலக்குகள், அதிகாரம் கூடிய 'ஃபவுண்டேஷன்' தகுதி ஆகியவற்றில் அவர்கள் கவனம் இருந்தது. அந்தத் தகுதி 2008இல், அதாவது மேலே சொன்னவை நடந்துகொண்டிருந்தபோதே கிடைத்தது. எல்லா அளவுகோல்களும் தேறிய இடத்தில் நோயாளி தாகத்தோடு கிடந்தார். இத்தகைய ஒரு அமைப்புக்கு இன்னொரு சான்றிதழ் எதற்கு என்ற கேள்விக்கு அசட்டையாகப் பதில் சொல்லக் கூடாது. ஐந்தாம் நிலைப் பட்டயத்துக்கும் இதே நோய் வரலாம். கோப்பு கனமாக இருந்தால் போதும் என்று மதிப்பீட்டாளர் நினைக்கத் தொடங்கும் நாளில், ஸ்டாஃபோர்டின் சிறு நகல் ஒன்று பயிற்சி வகுப்பிலேயே உருவாகிவிடும்.

ஆனால் அதே காலத்து இன்னொரு கொடுமை, வாதத்தை எதிர்ப்பக்கம் திருப்புகிறது. பிரிஸ்டல் அருகே வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனையில், கற்றல் குறைபாடு உள்ளவர்களைப் பணியாளர்கள் அடித்தும் இழுத்தும் அவமதித்தும் வந்ததை 2011 மே மாதம் பிபிசி பனோரமா நிகழ்ச்சி ஒளிபரப்பியது. மறு ஆண்டு பதினொரு பேர் தண்டிக்கப்பட்டார்கள். பிறகு அரசு வெளியிட்ட அறிக்கை இரண்டு செய்திகளைப் பதிவு செய்கிறது. சட்டம் கேட்டிருந்தும், அந்த இடத்தில் கணிசமான காலம் பதிவுபெற்ற மேலாளரே இல்லை. நோயாளிகளை உடல்பலத்தால் அடக்கிப் பிடித்த சம்பவங்கள் மிக அதிக எண்ணிக்கையில் ஏடுகளில் எழுதியே வைக்கப்பட்டிருந்தன. அங்கே வேலை பார்த்த ஒரு செவிலியர் ஒளிபரப்புக்கு முன்பே நிர்வாகத்துக்கும் கண்காணிப்பு ஆணையத்துக்கும் எழுதியிருந்தார், பலன் இல்லை. தகவல் இருந்தது. படித்துப் பார்த்து, இது என்ன என்று கேட்கக் கடமைப்பட்ட ஒருவர் அந்த நாற்காலியில் இல்லை. அங்கே இல்லாமல் போன பண்புக்குப் பெயர் கவனம்.

கவனத்தைப் பற்றி ஆழமாகச் சிந்தித்தவர்களுள் பிரெஞ்சு மெய்யியலாளர் சிமோன் வெய்ல் ஒருவர். 1943இல் இங்கிலாந்தின் ஆஷ்ஃபோர்டில் முப்பத்து நான்கு வயதில் இறந்துபோனார். அதற்கு முந்தைய ஆண்டு ஒரு துறவியாருக்காக அவர் எழுதிய கட்டுரை, பள்ளிப் படிப்புக்கும் இறையன்புக்கும் என்ன தொடர்பு என்பதைப் பேசுகிறது. கணக்கு விடை வந்ததா வரவில்லையா என்பது அவருக்கு இரண்டாம் பட்சம். அதன்முன் உட்கார்ந்த அந்த ஒரு மணி நேரம், தன்னை ஒதுக்கி வைத்துவிட்டு எதிரே இருப்பதைப் பார்க்கும் பழக்கத்தை வளர்க்கிறது. அந்தப் பழக்கம்தான் பிரார்த்தனைக்கும், துன்பப்படும் அயலாரிடம் உனக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பதற்கும் வேர் என்கிறார். தவறிப்போன பாடத்தை மறைத்துவிடாமல், எங்கே தவறினோம் என்று நிதானமாகத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதும் அவர் அறிவுரை. பட்டயப் படிப்பில் எழுதச் சொல்லும் அந்தச் சிந்தனைக் குறிப்பை இந்த வெளிச்சத்தில் பார்த்தால், அது கத்தோலிக்க மரபில் இரவுதோறும் செய்யும் மனச்சாட்சிப் பரிசோதனைக்கு நெருங்கி வருகிறது. ஒரு மூதாட்டி குளியலறையில் விழுந்துவிட்டார். அன்று காலை பட்டியலில் யார் இருந்தார்கள், யார் வரவில்லை, அதை நான் எப்போது அறிந்தேன், அறிந்தும் ஏன் ஆள் போடவில்லை என்று தன் கையால் எழுதிப் பார்ப்பது சாதாரண வேலை இல்லை. இதை உண்மையாகச் செய்த ஒருவர், அடுத்த முறை அடக்கிப் பிடித்த சம்பவங்களின் ஏட்டைத் திறக்கும்போது பக்கங்களை வெறுமனே புரட்டமாட்டார். சான்றிதழால் முடியாததைப் படிப்பு இப்படிச் செய்துவிடலாம். எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டிய குறிப்பால் எதுவும் நடக்காது. ஆகவே மதிப்பீட்டாளர் அதை ஏற்பது ஒரு தொழில்முறைப் பிழை என்பதற்கும் மேலான குற்றம்.

சமய மரபிலிருந்து வரும் ஓர் எதிர்ப்பு, ஸ்டாஃபோர்டை வைத்து எழுந்த கேள்வியைவிட நுட்பமானது. வலது கை செய்யும் தருமம் இடது கைக்குத் தெரியக்கூடாது என்பது இயேசுவின் போதனை. பலனில் பற்றின்றிச் செய் என்பதை கீதை மரபும் வேறு மொழியில் சொல்கிறது. இந்தப் படிப்போ, தான் நல்லது செய்ததற்கு ஆதாரம் திரட்டச் சொல்கிறது. தன் கருணைக்குத் தானே சாட்சி தேடுபவரிடம் கருணை எவ்வளவு நாள் தங்கும்? இதை நான் எளிதில் தள்ள மாட்டேன். எனினும், மறைவாகக் கொடுக்கச் சொல்லும் போதனை கொடுப்பவரின் ஆன்மாவைக் காப்பதற்காகச் சொன்னது. பெற்றுக்கொள்பவர் தன் நிலையை வெளியே சொல்ல வல்லவராக இருந்தால் அது போதும். மறதி நோயால் தன் பெயரையே மறந்த ஒருவருக்கு, நேற்று யார் தன்னைக் கைப்பிடித்து எழுப்பினார், யார் இழுத்துத் தள்ளினார் என்று சொல்லத் தெரியாது. அவருடைய மகள் நூறு மைல் தொலைவில் இருக்கிறாள். அந்த மகள் சரிபார்க்கக்கூடிய ஏதோ ஒன்று எழுத்தில் இருந்தாக வேண்டும். ஆதாரம் மேலாளரின் புகழுக்காக இருந்தால் இயேசுவின் எச்சரிக்கை பொருந்தும். பேச முடியாதவருக்காக இருந்தால், அது அவருக்குச் சேர வேண்டிய கடன்.

கடைசியாக, பணம். பதினைந்து நிமிட வருகையை மேலாளர் கண்டுபிடிக்கவில்லை. உள்ளாட்சி மன்றங்கள் அவ்வளவுக்குத்தான் பணம் தருகின்றன, அவற்றுக்கு நிதியை நடுவண் அரசு குறைத்துவிட்டது, இதில் தனி ஒருவரைக் குணமேன்மை பெறச் சொல்வது அரசியல் தவறை அவர் தலையில் கட்டுவது ஆகாதா என்று கேட்கலாம். பெருமளவுக்கு ஆகும். அவசரத்தின் ஊற்று அவருக்கு மேலே இருக்கிறது, அங்குள்ளவர்களை எந்தப் பட்டயமும் தொடுவதில்லை என்பது எனக்கும் கோபம் தரும் உண்மை. ஆனாலும் அவர் வெறும் குழாய் அல்லர். ஆள் போதாத இல்லத்தில் புதிதாக ஒருவரைச் சேர்க்க மறுக்கலாம். கடுமையான தவறு நடந்தால் பாதிக்கப்பட்டவரிடமோ அவர் சார்பில் செயல்படுபவரிடமோ மறைக்காமல் சொல்லியாக வேண்டும் என்று அதே 2014 விதிகளின் இருபதாவது விதி கட்டாயப்படுத்துகிறது. அவருக்குக் கீழே இருப்பவர்களின் பயத்தைக் கூட்டவும் குறைக்கவும் அவரால் முடியும். 2022 பிப்ரவரியில் பராமரிப்புப் பணியாளர்களுக்கு விசா திறக்கப்பட்டபோது இந்தியா, நைஜீரியா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளிலிருந்து ஏராளமானோர் போனார்கள். வேலைக்கு எடுத்த நிறுவனத்தோடு அவர்கள் விசா கட்டப்பட்டிருந்தது. கடன் வாங்கிப் போன ஒரு பெண், சக பணியாளர் ஒரு முதியவரை அறைந்ததைப் பார்க்கிறாள். அதைச் சொன்னால் வேலை போகுமா, வேலை போனால் நாடு திரும்ப வேண்டியிருக்குமா என்ற அச்சத்தில் அவள் வாய் திறப்பாளா மாட்டாளா என்பதை, நிதியமைச்சரைவிட அவளுடைய மேலாளரே அதிகம் தீர்மானிக்கிறார்.

மதிப்பீட்டாளர்கள் ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று இதிலிருந்து தோன்றுகிறது. மேலாளர் கூட்டம் நடத்தும் நேரமாகப் பார்த்து வந்து, அவர் எப்படிப் பேசுகிறார் என்று குறித்துக்கொண்டு போவதால் பெரிதாக எதுவும் தெரிந்துவிடாது. அவர் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் வரவேண்டும். அவர் போட்ட பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, மிகக் குறைந்த சம்பளம் வாங்கும் பணியாளரிடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: இன்று யாருடனாவது வேலை தவிர வேறு ஏதாவது பேச நேரம் கிடைத்ததா? தவறு ஒன்றைப் பார்த்தால் யாரிடம் சொல்வாய்?